தம்பி வீட்டில் வெளிநாட்டுக்காரி

1

அன்று காலை சிதம்பரத்தில் தம்பி வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள்:

தம்பி சேவியர். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. கோயிலுக்குப் போகும் உடுப்பு.

அவன் மனைவி வசந்தா. கையில் காபித் தட்டு.

அவர்கள் மகள் ஜெனி. மடியில் லேப்டாப்.

சுற்றுலா அலுவலகத்திலிருந்து வந்த மேடம்.

அவரோடு வந்த குமாஸ்தா. ஃபைல் அவரிடம்தான் இருந்தது.

நான்.

மேடம் மாடி அறைகள் இரண்டையும் பார்த்துவிட்டு இறங்கி வந்திருந்தார். திருப்தி என்று முகம் சொன்னது. குமாஸ்தா கடைசிப் பக்கத்தைப் புரட்டி, "வெளிநாட்டுக்காரங்க யாராவது இதுவரைக்கும் தங்கியிருக்காங்களா?" என்று கேட்டார்.

"இன்னும் ஒருத்தரும் வரல சார்" என்றான் தம்பி.

அவன் பொய் சொல்லவில்லை. அப்படித்தான் நினைத்திருந்தான்.

வசந்தா காபியை நீட்டிக்கொண்டே சொன்னாள். "பெட்டு போட்டதெல்லாம் எங்க அண்ணிதான் மேடம். பிரான்ஸ்ல பெரிய ஓட்டல்ல இருக்காங்க. லீவுக்கு வந்துருக்காங்க."

மேடம் என்னைப் பார்த்தார். "நீங்க எந்த பாஸ்போர்ட்டும்மா?"

சொன்னேன்.

"எங்க தங்கியிருக்கீங்க?"

தலைக்கு மேலே கையைக் காட்டினேன். மாடியில், இரண்டாவது அறை.

வந்து பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது.

2

இது நடந்து ஒரு வருஷம். இப்போது ஏன் எழுதுகிறேன் என்றால், இன்று காலை ஓட்டலில் எங்களுக்கெல்லாம் சட்டையில் குத்திக்கொள்ள ஒரு பட்டை கொடுத்தார்கள். அதில் பெயர். பெயருக்குக் கீழே நாம் பேசும் மொழிக்கு ஒரு கொடி. கூட்டம் வரும் மாதங்கள் தொடங்கப் போகின்றன. வருகிறவர்கள் வழி கேட்டால் யாரிடம் கேட்பது என்று தெரிய வேண்டுமாம். மேற்பார்வைக்காரி ஒரு டப்பாவில் கொடிகளை வைத்துக்கொண்டு, "உனக்கு எது?" என்றாள். தமிழுக்குத் தனிக் கொடி அதில் இல்லை. இந்தியக் கொடி இருந்தது. எடுத்துக் குத்தினாள். எனக்குத் தம்பி வீட்டு ஞாபகம் வந்தது.

நான் அதிகம் படித்தவள் இல்லை. மேல்பட்டாம்பாக்கத்தில் எட்டாவது வரைக்கும். அப்பா சர்க்கரை ஆலையில் கூலி. இருபத்தாறு வயதில் புதுச்சேரிக்காரரைக் கட்டினேன். அவருக்கு அவருடைய தாத்தா காலத்திலிருந்து பிரெஞ்சுக் குடியுரிமை. பாரிசுக்கு வெளியே வந்து சேர்ந்தோம். பத்தொன்பது வருஷம் ஆகிறது. அவர் இறந்து ஆறு வருஷம். ஒரே மகன் லூக்.

வேலை ஓட்டலில் அறை சுத்தம் செய்வது. ஒரு நாளைக்கு இத்தனை அறை என்று கணக்கு. விடியும் முன் ரயில். போர்வையைக் கழற்று, விரி, மடி, மெஷினால் தூசியை உறிஞ்சு, துடை, கதவைச் சாத்து. அடுத்தது.

இந்த நாட்டு அரசாங்கம் ஊர் பார்க்க வருகிறவர்களை எவ்வளவு பெரிதாக நினைக்கிறது என்பதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. அறையில் பார்த்தேன். விமான நிலையத்தில் படம் மாட்டுகிறார்கள். வெளிநாடுகளில் போய் விளம்பரம் செய்கிறார்கள். ஓட்டல்களுக்கு வந்து நட்சத்திரம் எண்ணுகிறார்கள். ஒருவர் தங்கினால் ராத்திரிக்கு இவ்வளவு என்று ஊருக்கு ஒரு வரி. அந்த வரியில் பூங்காவுக்குத் தண்ணீர் விடுகிறார்கள் என்று ஒரு கூட்டத்தில் சொன்னார்கள்.

யாரோ ஒருத்தி டோக்கியோவிலிருந்து வந்து இங்கே ஒரு ராத்திரி தூங்குகிறாள். விரிப்பு சலவைக்குப் போகிறது. அங்கே ஆப்பிரிக்காவில் மாலி நாட்டிலிருந்து வந்த ஒருவர் துவைக்கிறார். காலை ரொட்டியை ஒருவன் மூன்று மணிக்கே எழுந்து சுடுகிறான். டாக்சி, மியூசியம், கழிவறைக் காகிதம், நான். அவள் ஒருத்தி தூங்கினால் இத்தனை பேர் எழுந்து வேலைக்குப் போகிறோம். அவள் முகத்தை நாங்கள் யாரும் பார்ப்பதில்லை. தலையணையில் முடி கிடக்கும். அவ்வளவுதான்.

சேவியரிடம் இதைப் போனில் எப்போதோ சொல்லியிருக்கிறேன். அவன் அதை மறக்கவில்லை.

3

கணவர் இருந்தவரைக்கும் நான் இந்தியப் பாஸ்போர்ட்டில்தான் இருந்தேன். அவர் போன பிறகு தங்குவதற்கான அட்டையைப் புதுப்பிக்க மாவட்ட அலுவலகத்துக்கு அலைந்தேன். குளிரில் வரிசை. ஒரு தாள் குறைந்தால் திரும்பி வா. வேலைக்குப் போகாத நாளுக்குக் கூலி இல்லை. மூன்றாவது தடவை ஜன்னலுக்குப் பின்னால் இருந்தவர், "குடியுரிமையே கேளுங்களேன், இந்த அலைச்சல் இருக்காது" என்றார். கேட்டேன். கிடைத்தது. இந்தியப் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்தேன். ஓரத்தை வெட்டிக் கையில் தந்தார்கள்.

இந்தியாவில் பிறந்தவர்களுக்கு ஆயுசுக்கும் செல்லும் ஓர் அட்டை தருகிறார்கள். எழுதிப் போட்டேன். ஒரு தாள் போதவில்லை என்று பதில் வந்தது. மறுபடி போட்டேன். வருவதற்குள் லீவு வந்துவிட்டது. அதனால் டூரிஸ்ட் விசா. ஒரு மாதத்துக்கு. இப்போது அது சுலபம். வீட்டில் உட்கார்ந்தே போடலாம். வரட்டும் என்றுதானே அரசாங்கம் சுலபமாக்கி வைத்திருக்கிறது.

லூக்தான் கம்ப்யூட்டரில் நிரப்பினான். அவன் பிரெஞ்சில் கேட்க, நான் தமிழில் சொல்ல, பாதி புரிந்து தட்டிக்கொண்டே போனான்.

"இந்தியாவுக்கு இதற்கு முன்னால் போயிருக்கிறாயா?"

"என்னடா கேக்கற?"

"நான் கேட்கவில்லை அம்மா. அது கேட்கிறது."

"ஆமான்னு போடு."

"எந்தெந்த ஊர் பார்த்தாய் என்று கேட்கிறது."

மேல்பட்டாம்பாக்கம் என்றேன். நெல்லிக்குப்பம், கடலூர். அவனுக்கு எழுத வரவில்லை. கடலூர் மட்டும் போட்டான். கூட வருகிறாயா என்று கேட்டேன். அங்கே போய் நான் என்ன செய்வேன் என்றான். கோபமாகச் சொல்லவில்லை. உண்மையாகத்தான் கேட்டான்.

சென்னையில் இறங்கினால் இரண்டு வரிசை. இந்தியர் ஒரு பக்கம், மற்றவர் ஒரு பக்கம். பழக்கத்தில் இந்தியர் வரிசையில் நின்றுவிட்டேன். சீருடைப் பெண் ஒருத்தி பாஸ்போர்ட் நிறத்தைப் பார்த்து அந்தப் பக்கம் அனுப்பினாள். சுவரில் பெரிதாகப் பிச்சாவரம் படம். தண்ணீரில் படகு, இரண்டு பக்கமும் பச்சை.

அதிகாரி தமிழில்தான் கேட்டார். "எதுக்கு வர்றீங்க?"

"தம்பியப் பாக்க."

"டூரிஸ்ட் விசான்னு இருக்கே."

"ஆமா."

"அப்ப ஊர் சுத்திப் பாக்கன்னு சொல்லுங்க."

சொன்னேன். முத்திரை குத்தினார். நல்லபடியாக வரவேற்றார் என்றே சொல்ல வேண்டும்.

4

சேவியர் இருபது வருஷம் சிதம்பரம் – குமராட்சி மினி பஸ்ஸில் கண்டக்டர். முட்டி போய்விட்டது. ஓடுகிற பஸ்ஸில் நிற்க முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மேல்பட்டாம்பாக்கத்தில் அப்பா விட்டுப்போன மனையை விற்க என்னிடம் கையெழுத்துக் கேட்டான். போட்டேன். அந்தப் பணத்தில் சிதம்பரம் வீட்டு மாடியில் இரண்டு அறை கட்டினான். அரசாங்கம் ஒரு திட்டம் வைத்திருக்கிறது. வெளியூர், வெளிநாட்டுக்காரர்களை வீட்டிலேயே தங்க வைக்கலாம். வந்து பார்த்து, சரியாக இருந்தால் சான்றிதழ் தருவார்கள். பட்டியலில் பெயர் ஏறும்.

அவனுக்கு ஒரு ஏஜெண்ட் கிடைத்திருந்தார். நடனம் படிக்கும் வெளிநாட்டுப் பெண்கள் எட்டுப் பேர், கோயில் பார்க்க ஒரு வாரம் வருகிறார்கள். சான்றிதழ் இருந்தால் உங்கள் வீடு, மாதக் கடைசிக்குள் இல்லையென்றால் வேறு வீடு என்று சொல்லியிருந்தார். மனை போய்விட்டது. பஸ்ஸும் போய்விட்டது. தம்பி கையில் மிச்சம் இருந்தது இந்த இரண்டு அறைதான்.

ஒரு நாள் வகுப்புக்கும் போய் வந்திருந்தான். எப்படிக் கும்பிடுவது, எப்படிப் பேசுவது என்று சொல்லிக் கொடுத்தார்களாம்.

"இருவது வருசமா உள்ள போ, உள்ள போன்னு கத்துனவங்க்கா நானு. இப்ப வாங்க வாங்கன்னு சொல்லணுமாம். வாயி வருதா பாரு."

"சிரிக்கச் சொன்னாங்களே, அது வருதா?" என்றாள் வசந்தா. "கல்யாண போட்டாவுலயே சிரிக்கல இந்த மனுசன்."

நான் வந்த மறுநாளே வேலையில் இறங்கினேன். சும்மா உட்கார எனக்குத் தெரியாது. விரிப்பை மெத்தைக்கு அடியில் மூலை மடித்துச் சொருகக் காட்டிக் கொடுத்தேன். வசந்தா பார்த்துவிட்டு, "கட்டிலக் கட்டிப்போட்டா மாதிரி இருக்குது அண்ணி. ஆளு உள்ள பூந்தா வெளிய வர முடியாது" என்றாள். கழிவறைக் காகிதத்தின் நுனியை முக்கோணமாக மடித்தேன். அதற்கு அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். "இதுக்கு இன்னாத்துக்கு அண்ணி டிசைனு?"

ஜெனி ஓட்டல் படிப்பு முடித்த பெண். விதிகளை அச்சடித்துச் சுவரில் ஒட்டினாள். தீயணைக்கும் டப்பா, முதலுதவிப் பெட்டி, விருந்தினர் பதிவேடு. பதிவேடு புதிது. அட்டையில் சந்தனப் பொட்டு வைத்திருந்தாள் வசந்தா. உள்ளே ஒரு வரிகூட இல்லை.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. கட்டிக் கொடுத்த பெண் பிறந்த வீட்டுக்கு வந்தால் எப்போது போகிறாய் என்று கேட்க மாட்டார்கள். கேட்டால் போ என்று சொன்னதாக ஆகிவிடும். அவளாகச் சொல்ல வேண்டும். நானும் சொல்லவில்லை. மறந்துவிட்டேன் என்பதுதான் நிஜம். யாருக்கும் தேதி தெரியாததால் வசந்தா தினமும் நாளைக்கே நான் கிளம்புவது போலச் சமைத்தாள். நண்டு, சுறாப்புட்டு, மறுபடி நண்டு. பத்தாம் நாள் ரசம் போதும் என்றேன். முகம் வாடிவிட்டது. அப்போதும் தேதியைக் கேட்கவில்லை.

லூக் மட்டும் தினமும் போனில் கேட்பான். "வீட்டுக்கு எப்போ வருகிறாய்?" அவனுக்கு வீடு அது.

5

மேடம் நல்ல மாதிரி. குரலை உயர்த்தவில்லை. வெளிநாட்டுப் பாஸ்போர்ட் உள்ளவர் யார் தங்கினாலும் இருபத்து நாலு மணி நேரத்துக்குள் கம்ப்யூட்டரில் ஒரு ஃபாரம் அனுப்ப வேண்டும். ஓட்டலாக இருந்தாலும் வீடாக இருந்தாலும் அதுதான் சட்டம். இதைத்தான் சொன்னார்.

ஜெனி தலையைக் குனிந்துகொண்டாள். அவளுக்குத் தெரியும். வந்த அன்றே, "அத்தைக்கு ஃபாரம் போடணும்பா" என்று சொல்லியிருக்கிறாள். சேவியர் அவளை அதட்டியிருக்கிறான். இது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

எனக்கும் தெரிந்திருக்க வேண்டும். எங்கள் ஓட்டலிலும் வெளிநாட்டார் வந்தால் வரவேற்பில் ஒரு தாள் எழுதி வாங்குவார்கள். தினமும் பார்க்கிறேன். தம்பி வீட்டில் அது எனக்குத் தோன்றவே இல்லை.

"இவுங்க கஸ்டமர் இல்ல மேடம்" என்றான் சேவியர். "எங்க அக்கா. ஒரே தட்டுல சாப்ட்டவங்க நாங்க."

"புரியுதுங்க. ஆனா பாஸ்போர்ட்டு பிரெஞ்சு."

"பாஸ்போர்ட்டுதான மேடம் பிரெஞ்சு?"

குமாஸ்தா சிரிப்பை அடக்கினார். மேடம் சிரிக்கவில்லை. "இப்பவாவது போட்டுடுங்க. பதிவேட்டுலயும் எழுதுங்க. லேட்டானதுக்குக் கடலூர்ல வெளிநாட்டுக்காரங்களப் பதியிற ஆபீஸ்ல விளக்கம் எழுதிக் குடுத்து முத்திரை வாங்கிட்டு வாங்க. அது வந்தாத்தான் நான் கையெழுத்துப் போட முடியும். ரூல் தெரியாதவங்க வீட்டுல எப்படி வெளிநாட்டுக்காரங்களத் தங்க வைக்கிறதுன்னு எங்களக் கேப்பாங்க."

ஜெனி லேப்டாப்பைத் திறந்தாள். பெயர், பிறந்த ஊர், நாடு, விசா நம்பர். நான் சொல்லச் சொல்ல அடித்தாள். வந்த நோக்கம்: சுற்றுலா.

"எத்தனாம் தேதி கெளம்புறாங்கன்னு கேக்குது" என்றாள் ஜெனி. என்னைப் பார்த்துக் கேட்கவில்லை. திரையைப் பார்த்துச் சொன்னாள்.

"அத வுடு" என்றான் சேவியர்.

"விட்டா போவாதுப்பா."

"அப்ப எதுனா ஒரு தேதி போடு. அத்தைகிட்ட அத கேக்காத." மேடத்தின் பக்கம் திரும்பினான். "பொறந்த வூட்டுக்கு வந்தவங்கள எப்ப போறன்னு நாங்க கேக்கறது இல்ல மேடம்."

"நானும் கேக்கலங்க. ஃபாரம் கேக்குது."

காபி ஆறிக்கொண்டிருந்தது. மாதக் கடைசிக்கு எத்தனை நாள் இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும்.

நான் ஜெனியிடம் தேதியைச் சொன்னேன். இன்னும் பதினாறு நாள்.

பதிவேட்டை எடுத்து முதல் வரியை நானே எழுதினேன். தமிழில்தான். வரிசை எண் ஒன்று. பெயர் செலின். நாடு பிரான்ஸ். வந்த தேதி. போகும் தேதி. கையெழுத்து. எழுதி முடித்து நிமிர்ந்தபோது சேவியர் வாசலுக்குப் போயிருந்தான். முதுகுதான் தெரிந்தது.

6

மறுநாள் அவனும் நானும் பஸ்ஸில் கடலூர் போனோம். டிக்கெட் கொடுத்த கண்டக்டர் அவனைத் தெரிந்தவர். "இன்னா மச்சான், பயணியா வர்ற?" என்றார். அதற்கு மட்டும் சிரித்தான்.

ஆபீசில் விளக்கக் கடிதம் கேட்டார்கள். வெளியே தட்டச்சு செய்கிறவர் இருந்தார். வேண்டாம், நானே எழுதுகிறேன் என்றான். மரத்தடியில் சுவரில் தாளை வைத்து எழுதினான். ரொம்ப நேரம் ஆனது. எழுதியதை என்னிடம் காட்டவில்லை. உள்ளே மேஜையில் வைத்தபோது நானே பார்த்துவிட்டேன்.

ஐயா, எங்கள் அக்கா என்பதால் விருந்தாளி என்று நினைக்கவில்லை. இனி யார் வந்தாலும் எழுதுகிறேன். மன்னிக்கவும்.

அவ்வளவுதான்.

மேஜைக்குப் பின்னால் இருந்தவர் படித்தார். திரும்பப் படித்தார். "எங்க அக்கா கனடாவுல இருக்கு" என்றார். இனிமேல் தாமதம் ஆகக் கூடாது என்றும் சொன்னார். முத்திரை குத்திக் கொடுத்தார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் சேவியர் வெளியே பார்த்துக்கொண்டே கேட்டான். "அப்ப இருவத்தியேழுதானா?"

"இருவத்தியேழு."

"சரி."

அதற்குப் பிறகு வசந்தா நிதானமாகச் சமைத்தாள். ரசமும் வைத்தாள்.

கிளம்புவதற்கு ஒரு வாரம் இருந்தபோது ஜெனியிடம், "டூரிஸ்டுன்னு எழுதிட்டேன். ஒரு எடமும் பாக்கல" என்றேன். ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் பிச்சாவரம் போனோம். இருபத்தாறு வருஷம் பக்கத்தில் இருந்தும் நான் அதைப் பார்த்ததில்லை. வசந்தாவும் பார்த்ததில்லை. அங்கே போக எந்த பஸ் என்று கேட்ட எத்தனையோ பேருக்கு வழி சொன்ன சேவியரும் பார்த்ததில்லை. படகில் அவன்தான் பயந்தான். மரங்களுக்கு நடுவில் போகும்போது வேர்கள் தண்ணீருக்கு மேலே நிற்பதைப் பார்த்தேன். விமான நிலையத்துப் படத்தில் வேர் தெரியவில்லை.

கரைக்கு வந்ததும் படகுக்காரரிடம் பிரெஞ்சில் "மெர்சி" என்று நன்றி சொல்லிவிட்டேன். வாயில் வந்துவிட்டது. "நம்ம ஊருதானக்கா நீங்க?" என்றார். ஆமாம் என்றேன்.

7

சான்றிதழ் இருபத்தாறாம் தேதி வந்தது. மேடமே போன் செய்து சொன்னார். சேவியர் அதை வாசல் பக்கச் சுவரில் மாட்டினான். கோணலாக இருக்கிறது என்று வசந்தா மூன்று தடவை இறக்கச் சொன்னாள். நான் மாடிக்குப் போய் என் விரிப்பைக் கழற்றித் துவைக்கப் போட்டேன். புதிது விரித்து மூலை மடித்தேன். தலையணையில் முடி இருக்கிறதா என்று பார்த்து எடுத்தேன்.

கிளம்பும்போது வசந்தா புடவை வைத்துக் கொடுத்தாள். நெற்றியில் சிலுவை போட்டாள். சேவியர் என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முட்டி வலியோடு படி இறங்கினான். நான் வாங்கப் போனால் கொடுக்கவில்லை.

எட்டுப் பெண்களும் வந்தார்கள். அதற்குப் பிறகும் ஆட்கள் வந்துகொண்டிருக்கிறார்கள். சலவைக்காரருக்கு வேலை, முனையில் இட்லிக்கடை அம்மாவுக்கு வேலை, ஆட்டோவுக்கு வேலை. வசந்தா காகித நுனியை முக்கோணமாக மடிக்கிறாள். இப்போது சிரிப்பதில்லையாம்.

இன்று மாலை வேலை முடிந்து ரயிலில் இருந்தேன். சட்டையில் இருந்த கொடியைக் கழற்ற மறந்திருந்தேன். சேவியர் போன் செய்தான். வருஷம் முடிந்துவிட்டதாம். எத்தனை வெளிநாட்டுக்காரர்கள் தங்கினார்கள் என்று எண்ணி அனுப்ப வேண்டுமாம். மேலே போய், டெல்லியில் எல்லாக் கணக்கோடும் சேரும் என்று ஜெனி சொன்னாளாம்.

"உன்ன கழிச்சிட்டு எழுதினேங்க்கா. நாப்பத்தி ரெண்டு. ஜெனி சண்ட போட்றா. பதிவேட்ல இருக்கறத கழிக்கக் கூடாதாம். நீ சொல்லு, இன்னா பண்றது?"

பின்னால் ஜெனி கத்துவது கேட்டது. "அத்தையே எழுதினதுப்பா அது!"

ரயில் சுரங்கத்துக்குள் போகப் போகிறது. போனால் பேச்சு அறுந்துவிடும்.

"மொத வரி நான் எழுதினது" என்றேன். "சேத்தே எழுது."

பேனா தாளில் போவது கேட்ட மாதிரி இருந்தது.

"எழுதிட்டேங்க்கா."

"எவ்வளவு?"

"நாப்பத்தி மூணு."